அமெச்சூர்னு ஒரு திண்டுக்கல் பூட்டு

2016-ல் டி.என்.பி.எல். ஆரம்பிச்சதுலேர்ந்து எங்க திண்டுக்கல்லுக்குப் புதுசா ஒரு அடையாளம். பூட்டு, பிரியாணி, சிறுமலை வாழைப்பழம்னு இருந்த வரிசையில ‘டிராகன்ஸ்’ங்கிற பேரும் சேர்ந்துக்கிச்சு. நத்தத்துல ஒரு கல்லூரி மைதானத்துலதான் மேட்ச் நடக்கும். 2024-ல் அஷ்வின் தலைமையில கோப்பையும் வாங்கியாச்சு. இந்த லீக்குக்கு முதல் ஏலம் 2023 பிப்ரவரியில நடந்தது. அதிக விலைக்குப் போனவர் சாய் சுதர்சன். வயசு 21, விலை 21.60 லட்சம். கோவைக்காரங்க எடுத்தாங்க. எல்லாரும் சந்தோஷமா பேசிக்கிட்டாங்களே தவிர, ‘ஐயய்யோ, பையன் காசு வாங்கிட்டானே, இனிமே அவனை ஆட விடலாமா?’ன்னு யாரும் பதறலை.

பதறின காலம் ஒண்ணு இருந்தது. ரொம்பப் பழசும் இல்லை.

1959. நம்ம ராமநாதன் கிருஷ்ணனுக்கு 22 வயசு. நாகர்கோவில்ல பிறந்து, அப்பா டி.கே.ராமநாதன்கிட்ட டென்னிஸ் பழகி, 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினவர். 59-ல் லண்டன் குயின்ஸ் கிளப் பட்டத்தை ஃபைனல்ல நீல் ஃப்ரேசரை அடிச்சு வாங்கறார். டேவிஸ் கோப்பையில ராட் லேவரை தோற்கடிக்கறார். இதைப் பார்த்துட்டு ஜாக் கிராமர்ங்கிற அமெரிக்கர் ஒரு ஒப்பந்தத்தை நீட்டறார். மூணு வருஷம், 1,50,000 டாலர், உத்தரவாதம். அன்னிக்கு ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. பெருக்கிப் பாருங்க, ஏழு லட்சத்துப் பதினாலாயிரம் ரூபாய். பத்து கிராம் தங்கம் சுமார் நூறு ரூபாய்க்கு வித்த காலம் மக்களே. ஏறக்குறைய எழுபது கிலோ தங்கம்!

கிருஷ்ணன் வேண்டாம்னுட்டார்.

கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அன்னையோட அவர் ‘புரொஃபஷனல்’. விம்பிள்டன் உள்ளே விடாது. டேவிஸ் கோப்பையில இந்தியாவுக்கு ஆட முடியாது. கிராமர் கம்பெனியோட ஊர் ஊரா போய் காட்சி ஆட்டம் ஆடலாம், அவ்வளவுதான். பாஞ்சோ கொன்சாலஸ்னு ஒரு அசுரன் 1949-ல் இப்படி அந்தப் பக்கம் போனவர். திரும்ப விம்பிள்டன் சாம்பியன்ஷிப்ல ஆட 1968 வரைக்கும் காத்துக்கிடந்தார். நடு வயசு முழுக்கப் போச்சு.

இந்த ‘அமெச்சூர்’ சமாச்சாரம் எங்கேருந்து வந்ததுன்னு தேடினா நம்ம ஊரு வரைக்கும் வந்து இடிக்குது. பிரெஞ்சுல அந்தச் சொல்லுக்கு ‘நேசிக்கிறவன்’னு அர்த்தமாம். ஆசைக்காக ஆடறவன், காசுக்காக இல்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 1879-ல் இங்கிலாந்துல ஹென்லி படகுப் போட்டிக்காரங்க யார் அமெச்சூர்னு எழுதி வச்ச விதியைப் பாருங்க. காசுக்குப் படகு விட்டவன் கூடாதுங்கிறதோட நிறுத்தலை. மெக்கானிக்கா, கைவினைஞனா, கூலி வேலைக்காரனா பிழைக்கிறவனும் கூடாது! அவன் ஒரு பைசா பரிசு வாங்காம, லீவு போட்டு, சொந்தக் காசுல படகு விட்டாலும் அமெச்சூர் கிடையாது. அந்த விதியைத் தூக்கிட்டு வந்து நாகல்நகர் முக்குல நின்னா ஊர்ல பாதிப்பேர் வெளியே. பூட்டுக்கு அரம் போடறவர் கூடாது, தோல்ஷாப்புல வேலை செய்யறவர் கூடாது, சின்னாளபட்டி நெசவாளி கூடாது, மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவர் கூடவே கூடாது. ஆட்டத்தோட புனிதத்தைக் காப்பாத்தின விதின்னு சொல்லுவாங்க. யாரோட உட்கார்ந்து சாப்பிடலாம், யாரோட கூடாதுன்னு நம்ம ஊர்ல வச்சிருந்த விதி மாதிரிதான் எனக்குத் தெரியுது.

இதை இங்கிலாந்துலேர்ந்து இறக்குமதி பண்ணி, அதை வச்சே பெரிய வியாபாரம் பண்ணினது அமெரிக்கக் கல்லூரிகள். அவங்க ‘ஃபுட்பால்’ நம்ம கால்பந்து இல்லீங்க. ரெண்டு முனையும் கூம்பின பந்தைக் கையில தூக்கிட்டு முட்டி மோதற ஆட்டம். கல்லூரி ஆட்டத்துக்கே லட்சம் பேர் உட்கார்ற ஸ்டேடியம் கட்டி வச்சிருக்காங்க. டிவி உரிமை, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் கோடிக்கணக்குல. ஆடின பையன் மட்டும் 2021 வரைக்கும் அமெச்சூர். படிப்புச் செலவுக்கு மேல ஒரு டாலர் வாங்கினா ‘முறைகேடான பலன்’. அவனைத் தூக்கிடுவாங்க.

வேடிக்கை என்னன்னா, அங்கே கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டியே ஓசிப் பயணம்தான். 1852, ஹார்வர்டுக்கும் யேலுக்கும் படகுப் போட்டி. ஒரு ரயில்வே கம்பெனி தன்னோட லைனுக்குக் கூட்டம் சேர்க்கறதுக்காகப் பையன்களை ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போய், தங்க வச்சு, எல்லாச் செலவும் பார்த்தது. ஆட்டம் ஆரம்பிச்ச அன்னிக்கே கவரும் ஆரம்பிச்சாச்சு.

ஜிம் தார்ப் கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. அமெரிக்கப் பழங்குடி. கார்லைல் பள்ளியோட ஃபுட்பால் நட்சத்திரம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்ல பென்டத்லான், டெகத்லான் ரெண்டுலயும் தங்கம். அதுக்கு முன்னாடி 1909, 1910 கோடை விடுமுறைகள்ல வட கரோலினாவுல ஒரு சின்ன ஊர் டீமுக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார். ஆட்டத்துக்கு ரெண்டு டாலர் லேர்ந்து வாரத்துக்கு 35 டாலர் வரைக்கும்னு சொல்றாங்க. அந்தக் காலத்துல கல்லூரிப் பையன்கள் பலபேர் இப்படி ஆடுவாங்க, பொய்ப்பேர் வச்சுக்கிட்டு. இந்த மனுஷர் சொந்தப் பேர்லயே ஆடித் தொலைச்சார். 1913 ஜனவரியில பேப்பர்ல வந்தது, பதக்கங்களைப் பிடுங்கிட்டாங்க. ஆட்சேபணை இருந்தா போட்டி முடிஞ்சு 30 நாளுக்குள்ள சொல்லணும்னு அவங்க விதியே சொல்லுது. அதை யாரும் கண்டுக்கலை. அவரோட கோச் பாப் வார்னர் ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு கையை விரிச்சுட்டார். தார்ப் 1953-ல் செத்துப்போனார். 1983-ல் பதக்கங்களைப் பிள்ளைங்ககிட்ட கொடுத்தாங்க, அதுவும் ‘இணை வெற்றியாளர்’னு. அவர்தான் தனி வெற்றியாளர்னு ஒலிம்பிக் கமிட்டி ஒத்துக்கிட்டது 2022 ஜூலையில. நூத்திப்பத்து வருஷம்!

சரி, கல்லூரிகள் அதுக்கப்புறம் சுத்தமாச்சான்னா, இல்லை. 1929-ல் கார்னகி அறக்கட்டளை ஒரு அறிக்கை வெளியிட்டது. 112 கல்லூரிகளைப் பார்த்ததுல 81-ல் விளையாட்டு வீரர்களுக்கு ஏதோ ஒரு வகையில மறைமுகப் பணம். அறிக்கை வந்தது, பரபரப்பாச்சு, அடங்கிப் போச்சு. நம்ம ஊர் விசாரணைக் கமிஷன் மாதிரியேதான்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். காசு வாங்கினானா இல்லையாங்கிறதுதான் பிரச்சினைன்னு எல்லாரும் பேசறாங்க. எனக்கு அது பாதிதான். மீதிப் பாதி இதோ.

1955. கொலராடோவுல ஃபோர்ட் லூயிஸ்னு ஒரு சின்னக் கல்லூரி. ரே டென்னிசன்னு ஒருத்தர், ராணுவத்துல இருந்துட்டு வந்து படிச்சவர். ஃபுட்பால் ஆடறப்ப தலையில அடி, இறந்துட்டார். அவர் மனைவி, வேலை நேரத்துல செத்தா குடும்பத்துக்குக் கிடைக்கிற இழப்பீட்டைக் கேட்டு வழக்குப் போட்டாங்க. உதவித்தொகை கொடுத்து ஆட வச்சீங்க, அப்ப அது வேலைதானேங்கிறது அவங்க வாதம். இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் அதே மாநிலத்துல நெமத்ங்கிற டென்வர் பல்கலைக்கழக ஆட்டக்காரருக்கு, ஆட்டத்தைச் சாக்கா வச்சு வேலையும் சாப்பாடும் கொடுத்ததால அவர் ஊழியர்தான்னு கோர்ட் இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருந்தது. கல்லூரிகளுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

அப்ப பிறந்ததுதான் ‘மாணவ-வீரர்’ங்கிற பட்டம். கல்லூரி விளையாட்டை நடத்தற என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு 1951-லேர்ந்து 1987 வரைக்கும் தலைமை நிர்வாகியா இருந்த வால்டர் பையர்ஸ் காலத்துல, வக்கீல்களோட உட்கார்ந்து உருவாக்கினது. ஆட்டக்காரன்னு சொல்லாதே, மாணவ-வீரர்னு சொல்லு, எழுது. மாணவன்னா ஊழியன் இல்லை, ஊழியன் இல்லைன்னா இழப்பீடு இல்லை. 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம், கல்லூரி ஒண்ணும் ஃபுட்பால் வியாபாரம் நடத்தலைன்னு சொல்லி டென்னிசன் மனைவியோட வழக்கைத் தள்ளிடுச்சு. இதே பையர்ஸ் ஓய்வுக்கு அப்புறம் 1995-ல் ஒரு புத்தகம் எழுதி, நாங்க பண்ணினது சுரண்டல்னு ஒத்துக்கிட்டார். அந்த அம்மாவுக்கு அதனால என்ன பிரயோஜனம், சொல்லுங்க?

ஆக, அமெச்சூர்ங்கிறது வாங்கறவன் கையைக் கட்டற கயிறு மட்டும் இல்லை. கொடுக்க வேண்டியவன், கொடுக்காம இருக்கறதுக்குப் போட்டுக்கிட்ட பூட்டு. திண்டுக்கல் பூட்டு மாதிரி நல்ல கனமான பூட்டு. சாவி ஒருத்தர் கையில மட்டும்.

அந்தப் பூட்டு எவ்வளவு சில்லறைத்தனமா வேலை செஞ்சதுன்னு ஒரு கொசுறு. பையன்களுக்கு நொறுக்குத்தீனியா ‘பேகல்’னு ஒரு வகை பன் கொடுக்கலாம்னு விதி இருந்தது. ஆனா அதுல வெண்ணெயோ சீஸோ தடவிடக் கூடாது. தடவினா அது ‘சாப்பாடு’ கணக்குல போயிடும், முறைகேடு! ரொம்ப வருஷம் கேலிக்கு ஆளான அப்புறம்தான் மாத்தினாங்க. 2014-ல் ஒரு கூடைப்பந்து சாம்பியன் பையன், சில ராத்திரி பட்டினியோட படுக்கறேன்னு வெளிப்படையா சொன்னப்புறம், சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடே வேண்டாம்னு முடிவெடுத்தாங்க. ஜெயிச்ச டீமை நேரா பிரியாணிக் கடைக்குக் கூட்டிட்டுப் போற எங்க ஊர்க்காரங்களை அந்தக் கமிட்டி பார்த்திருந்தா ஆயுள் தடை போட்டிருக்கும் :-)

உள்ளே காசு ஓடினப்ப என்ன நடந்ததுங்கிறதுக்கு எஸ்.எம்.யு. கதைதான் பாடம். டெக்சாஸ்ல டல்லஸ் ஊர்ப் பல்கலைக்கழகம். எண்ணெய்ப் பணக்காரங்க, பழைய மாணவர்கள்னு ஊர்ப் பெரிய கைகள் (அங்கே ‘பூஸ்டர்’னு பேர்) பையன்களுக்கு மாசாமாசம் காசு கொடுத்துட்டு இருந்தாங்க. 1985-ல் மாட்டி, தண்டனையும் வாங்கியாச்சு. அப்புறமும் 13 பேருக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர் போயிருக்கு. ஆளுக்கு மாசம் 50 டாலர்லேர்ந்து 725 வரைக்கும். 1987 பிப்ரவரி 25-ல் என்.சி.ஏ.ஏ. அந்த வருஷ ஆட்டத்தையே ரத்து பண்ணுச்சு. ‘மரண தண்டனை’னு பேரே வச்சுட்டாங்க. அடுத்த வருஷம் டீம் கட்ட ஆளில்லாம அவங்களே நிறுத்திட்டாங்க. அடுத்து ஒரு பௌல் ஆட்டத்துல ஆடறதுக்கு 2009 ஆச்சு.

இதுல முக்கியமான ஆள் பில் கிளெமென்ட்ஸ். பல்கலைக்கழக நிர்வாகக் குழுவுக்குத் தலைவரா இருந்துட்டு, 87 ஜனவரியில டெக்சாஸ் கவர்னரா பதவி ஏத்துக்கிட்டவர். மார்ச்ல வாயைத் திறந்தார். காசு கொடுக்கறது எங்களுக்குத் தெரியும், ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பையன்களுக்கு முடியற வரைக்கும் கொடுத்துடுவோம்னு நாங்களே தீர்மானிச்சோம்னு. கவர்னர் பதவிக்கு ஒண்ணும் ஆகலை, முழுக் காலமும் இருந்தார். தப்பே பண்ணாத பையன்கள் மூட்டையைக் கட்டிட்டு வேற கல்லூரி தேடினாங்க.

இந்தக் கட்டடம் சரிய ஆரம்பிச்சது ரொம்பச் சமீபத்துல. 2021 ஜூன்ல ஆல்ஸ்டன் வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0ன்னு என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரா தீர்ப்பு கொடுத்தது. ஜூலை 1-லேர்ந்து தன் பேரையும் முகத்தையும் வச்சு மாணவர் விளம்பரக் காசு வாங்கலாம்னு ஆச்சு. காசு வாங்கினதால 2010-ல் ஹைஸ்மன் விருதைத் திருப்பிக் கொடுத்த ரெஜி புஷ்ஷுக்கு 2024 ஏப்ரல்ல விருது திரும்ப வந்தது. 2025 ஜூன்ல ஒரு வழக்குச் சமரசம்: கல்லூரியே நேரடியா ஆட்டக்காரங்களுக்குப் பங்கு கொடுக்கலாம், முதல் வருஷம் ஒரு கல்லூரிக்கு 20.5 மில்லியன் டாலர் வரைக்கும். ஒரு காலத்துல எஸ்.எம்.யு.வைக் கொன்ன தொகை அதுல ஒரு தூசி.

நம்ம நாடு இதை எப்படிச் சமாளிச்சது? அதுல நம்ம ஆளுங்க புத்திசாலிங்க. காசு கொடுத்தாத்தானே குத்தம், வேலை கொடுத்துட்டா? 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் கால்பந்து அமெச்சூர்களுக்கு மட்டும்தான். அதுல இந்தியாவுக்கு கேப்டன் பி.கே.பானர்ஜி, ஈஸ்டர்ன் ரயில்வே ஊழியர். ஃப்ரான்ஸோட 1-1ன்னு டிரா பண்ணினப்ப கோல் அடிச்சவரும் அவரே. கோல்கீப்பர் தங்கராஜ் ராணுவத்துலேர்ந்து வந்தவர். பெருவுக்கு எதிரா ஒரு கோல் போட்டது நம்ம தமிழ்நாட்டு சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்துல இந்தியா கடைசியா அடிச்ச கோல் அதுதான். ரயில்வே, ராணுவம், போலீஸ், பேங்க், ஐ.சி.எஃப்.னு சம்பளம் மாசம் பிறந்தா வந்துடும். சோவியத்காரங்க பண்ணினதும் இதேதான். மேல்நாட்டுக்காரங்க இதைப் ‘போலி அமெச்சூர்’னு முறைச்சாங்க. எனக்கு அப்படித் தோணலை. கால் போனப்புறமும் அந்த மனுஷனுக்குச் சம்பளம், பி.எஃப்., பென்ஷன் எல்லாம் இருந்தது. டென்னிசன் குடும்பத்துக்குக் கிடைக்காதது இதுதானே? அமெரிக்கக்காரன் வக்கீல் வச்சுத் தடுத்ததை நம்ம ரயில்வே ஒரு நியமன உத்தரவுல கொடுத்துடுச்சு.

கிருஷ்ணனுக்கு இப்படி ஒரு அணைப்பும் முழுசா இல்லை. டென்னிஸ் தனி ஆள் ஆட்டம். அந்தக் காலத்துப் பெரிய அமெச்சூர்கள் பலருக்குப் போட்டி நடத்தறவங்க ‘செலவுக்காசு’ன்னு கவர்ல கொடுத்ததும், எல்லாருக்கும் அது தெரிஞ்சே இருந்ததும் ஊரறிஞ்ச ரகசியம். மேலே வெள்ளைச் சட்டை, கீழே கவர். இத்தனைக்கும் நடுவுல கிராமர் நீட்டினதுதான் இருக்கறதிலேயே நேர்மையான காசு. அதைத்தான் விதி குத்தம்னு சொல்லுச்சு. வேண்டாம்னவர் 1960, 61 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரைக்கும் போனார். 61-ல் ராய் எமர்சனை நேர் செட்ல கவிழ்த்தார். ரெண்டு தடவையும் அவரைத் தோற்கடிச்சவங்கதான் பட்டம் வாங்கினாங்க, முதல்ல ஃப்ரேசர், அடுத்து லேவர். 1966-ல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்கே இழுத்துட்டுப் போனார். மெல்போர்ன்ல ஜெய்தீப் முகர்ஜியோட சேர்ந்து நியூகோம்-ரோச் ஜோடியை ஜெயிச்சார். அந்த 66-ஐ ஏழு லட்சத்துக்கு வித்திருக்கலாம்னு எனக்கு மனசு வரலை. ஆனா அவரைத் தேர்ந்தெடுக்க வச்சாங்களே, அதுதான் உறுத்துது. ரெண்டும் சேர்ந்தே கிடைச்சிருக்கணும்.

1968-ல் டென்னிஸ்ல அமெச்சூர் வேலி விழுந்தது. அந்த வருஷ விம்பிள்டன் பரிசு 2,000 பவுண்டு, லேவர் வாங்கினார். கிருஷ்ணன் ஆட்டத்தை முடிச்சுக்கிட்டதும் அதே வருஷத்தை ஒட்டித்தான். அப்புறம் சென்னையில சமையல் கேஸ் ஏஜென்சி நடத்தினார்.

இன்னொரு தகவல், தகுதி பத்திப் பேசறதால. இதே கிருஷ்ணன் பள்ளிக்கூடப் பையனா இருக்கறப்ப, கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமான பெர்ட்ரம் டென்னிஸ் போட்டியில ஆடணும்னு லயோலா கல்லூரி முதல்வர்கிட்ட சிறப்பு அனுமதி கேட்டார். கொடுத்தாங்க. 1951-ல் பட்டத்தைத் தட்டிட்டும் போயிட்டார். விதியைத் தளர்த்த மனசு இருந்தா தளர்த்தலாம்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு.

இன்னிக்கு நம்ம பக்கம் எப்படி? பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில ஆடணும்னா 17-லேர்ந்து 25 வயசுக்குள்ள இருக்கணும், முழுநேர மாணவனா இருக்கணும், முழுநேர வேலையில இருக்கக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட், ஃபீஸ் தள்ளுபடி, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் வெளிப்படையாவே கொடுக்கறாங்க. யாரும் அதை லஞ்சம்னு சொல்றதில்லை, சொல்லவும் கூடாது. வேடசந்தூர், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பி இருக்கற வீட்டுலேர்ந்து ஒரு பையனோ பொண்ணோ டிகிரி வாங்கறதுக்கு அது ஒரு வழி. நான் கேக்கறது வேற. முட்டி ஜவ்வு கிழிஞ்சு அடுத்த வருஷம் ஆட முடியலைன்னா அந்தச் சீட்டு இருக்குமா? ஆபரேஷன் செலவு யாரோடது? சேரும்போது இதை யாராவது எழுதிக் கொடுக்கறாங்களா? தெரிஞ்ச நாலு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க.

அமெரிக்காவுலயே இது முடியலை. வில்லனோவாவுல ஃபுட்பால் ஆடின டிரே ஜான்சனும் மத்தவங்களும், நாங்களும் ஊழியர்தான்னு போட்ட வழக்குல, அமெச்சூர்னு பேர் வச்சதாலேயே ஊழியர் இல்லைன்னு ஆகிடாதுன்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில சொல்லியிருக்கு. டென்னிசன் கேஸ் தள்ளுபடியாகி 67 வருஷம் கழிச்சு.

ஞாயித்துக்கிழமை ஊர் டோர்னமெண்டுகள்ல இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. கமிட்டிக்காரர் வெளியூர்லேர்ந்து நல்ல ஃபார்வர்டா ஒருத்தனை இறக்குவார். பஸ் காசு, கையில கொஞ்சம், ஜெயிச்சா சாயங்காலம் பிரியாணி. பையன் அஞ்சு மணிக்குக் கணுக்காலைத் திருப்பிப்பான். யாராவது ஐஸ் கட்டி வாங்கிட்டு ஓடி வருவாங்க, கட்டுப் போடறவர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க. திங்கக்கிழமை காலையில அவன் கல்லூரிக்கு நொண்டிக்கிட்டே வருவான். பி.டி. மாஸ்டர் கேட்டா பைக்லேர்ந்து விழுந்துட்டேன்னுதான் சொல்லுவான்.